மோட்டார் தானாக எரிவதில்லை

கோவை மாவட்டத்தில் மூன்று ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயி ஒருவருக்கு, ஒரே கோடையில் இரண்டு முறை மோட்டார் எரிந்தது. முக்கால் ஏக்கரில் சின்ன வெங்காயம் நட்டு முப்பதாவது நாள் முதல் தடவை. 650 அடி ஆழ்துளைக் கிணற்றிலிருந்து 5 குதிரைத்திறன் நீர்மூழ்கி மோட்டாரை மேலே எடுக்க வண்டி வர வேண்டும். குழாய்களைக் கழற்ற ஆள் வர வேண்டும். பட்டறையில் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆறு நாள் ஆயிற்று. மறுபடி இறக்கி, இருபது நாள் ஓடியது. பிறகு மீண்டும் போயிற்று. அப்போது வெங்காயம் காய் பெருக்கும் சமயம்.

"வைண்டிங் ஒழுங்கா கட்டலீங்க" என்று விவசாயி பட்டறைக்காரரிடம் குறைப்பட்டார். "தண்ணி இல்லாம ஓட்டியிருப்பீங்க அண்ணா" என்றார் பட்டறைக்காரர். இருவர் சொன்னதும் சரியல்ல. மின்மாற்றியிலிருந்து வரும் மூன்று கம்பிகளில் ஒன்றின் இணைப்பு கம்பத்தில் கருகிப்போய், காற்றடிக்கும்போது தொட்டும் விட்டும் கொண்டிருந்தது. அது கண்ணில் பட்டது, பக்கத்துத் தோட்டத்து மோட்டாரும் எரிந்த பிறகுதான்.

இது ஓர் ஊரின் கதை மட்டுமல்ல. தமிழ்நாட்டின் கிணற்றுப் பாசனப் பகுதி எங்கும், மோட்டார் நின்றால் உழவர் முதலில் ஓடுவது ரீவைண்டிங் பட்டறைக்கு. எரிந்த மோட்டார் பட்டறைக்குப் போகத்தான் வேண்டும். ஆனால் எதனால் எரிந்தது என்று பார்க்காமல் சுற்றி வாங்கி இறக்கினால், அடுத்த தடவைக்கு முன்பணம் கட்டிவிட்டு வந்தது போலத்தான். கவலை ஏற்றம் இறைத்த காலத்தில் மாடு படுத்துக்கொண்டால், நுகத்தடி கழுத்தை அறுக்கிறதா, லாடம் கழன்றதா, சால் நிரம்பி வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உழவர் மாட்டைக் குறை சொல்வார். மோட்டார் விஷயத்தில் அந்தப் பழக்கம் விட்டுப் போயிற்று.

மும்முனை மோட்டார் என்பது மூன்று பேர் சேர்ந்து ஒரு பாரத்தைத் தூக்குவது போன்றது. ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பேஸ் விட்டுப்போனால் மோட்டார் உடனே நின்றுவிடாது. மற்ற இரண்டும் பாரம் முழுவதையும் இழுத்துக்கொண்டு ஓடும். அந்த இரண்டு கம்பிகளிலும் ஆம்பியர் ஏறத்தாழ 1.7 மடங்காக உயரும். சுமை அதிகமானால் இன்னும் கூடும். சுற்றுக் கம்பியில் உண்டாகும் வெப்பம் ஆம்பியரைப் போல நேராக ஏறுவதில்லை. ஆம்பியர் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. தண்ணீரில் சற்றே குறைவு தெரியும், அவ்வளவுதான். வீட்டில் இருப்பவருக்கு மோட்டார் ஓடுகிறது என்ற நிம்மதி. உள்ளே கம்பியின் உறை இளகிக்கொண்டிருக்கும். நின்றிருக்கும் மோட்டாரை இரண்டு பேஸில் கிளப்பினாலோ அது சுற்றவே சுற்றாது, உறுமும். அப்போது இழுக்கும் ஆம்பியர் ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்து மடங்குக்குக் குறையாது.

ஆகவே நின்ற மோட்டாரைப் பார்க்கும்போது முதற்கேள்வி, மூன்று பேஸும் வருகின்றனவா என்பது. இங்கேதான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். சட்டைப்பையில் இருக்கும் டெஸ்டரை எடுத்து மூன்று இடத்திலும் வைக்கிறார்கள். மூன்றிலும் எரிகிறது. "கரண்டு சரியா இருக்குது, மோட்டார்லதான் கோளாறு" என்று முடிவு செய்துவிடுகிறார்கள். டெஸ்டர் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விதான் தவறு. ஒரு பேஸ் கம்பத்திலேயே அறுந்திருந்தாலும், அதே மின்மாற்றியில் ஓடிக்கொண்டிருக்கும் பக்கத்துத் தோட்டத்து மோட்டார் வழியாகச் சுற்றிக்கொண்டு அந்தச் செத்த கம்பியிலும் மின்னழுத்தம் வந்து நிற்கும். டெஸ்டர் எரிய அது போதும். மோட்டார் ஓட அது போதாது. வோல்ட் மீட்டரை ஒவ்வொரு இரண்டு பேஸுக்கும் இடையே வைத்து மூன்று அளவுகள் எடுக்க வேண்டும். மூன்றும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் இருபது முப்பது வோல்ட் இறங்கியிருந்தால் அந்தப் பக்கம் சந்தேகத்துக்குரியது. மின்னழுத்தத்தில் சிறு ஏற்றத்தாழ்வு இருந்தாலும் மோட்டாரின் ஆம்பியரில் அது பல மடங்காகத் தெரியும்.

இதைவிடத் தெளிவான சோதனை, மோட்டார் ஓடும்போது டாங் டெஸ்டர் என்று மின் பணியாளர்கள் சொல்லும் கருவியை ஒவ்வொரு கம்பியிலும் மாட்டி ஆம்பியர் பார்ப்பது. 5 குதிரைத்திறன் மோட்டார் தரைமட்ட வகையானால் ஏழரை ஆம்பியர் அளவிலும், நீர்மூழ்கி வகையானால் அதற்கு மேல் எட்டு, ஒன்பது அளவிலும் எடுக்கும். சரியான எண் மோட்டார்த் தகட்டிலேயே இருக்கிறது. ஒரு கம்பியில் சுழியம், மற்ற இரண்டில் பதினான்கு என்று காட்டினால் பேஸ் போய்விட்டது. மூன்றிலுமே அதிகம் காட்டினால் வோல்டேஜ் குறைவு, அல்லது மணல் ஏறி பம்பு இறுகியிருக்கிறது. மூன்றிலும் வழக்கத்துக்கு வெகு குறைவு என்றால் தண்ணீர் இல்லை. மின்வாரிய ஆட்கள் கம்பி வேலை பார்த்துப் போன மறுநாள் மோட்டார் ஓடியும் தண்ணீர் வராவிட்டால், கம்பி மாற்றிக் கட்டியதில் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது என்று பொருள். அதற்குப் பட்டறை எதற்கு? மின் பணியாளர் எந்த இரண்டு கம்பியையும் இடம் மாற்றிக் கொடுத்தால் போதும்.

அடுத்தது ஸ்டார்ட்டர் பெட்டி. உறுமிக்கொண்டு ஒட்டாமல் அடிக்கும் காயில், கருகிக் குழிவிழுந்த பாயிண்டுகள், வெயிலுக்கு நிழல் தேடி உள்ளே புகுந்து செத்த பல்லி, பாயிண்டுகளுக்கு நடுவே நசுங்கிக் கிடக்கும் சிற்றெறும்புக் கூட்டம். ஐயாயிரம் அடி நீளக் கம்பியை எல்லாம் குறை சொல்லிவிட்டுக் கடைசியில் ஓர் எறும்பைக் கண்டுபிடித்த மின் பணியாளர்கள் ஊருக்கு ஒருவராவது இருப்பார்கள். பெட்டியின் துளைகளை அடைத்து வைப்பது பெரிய வேலையல்ல. ஆனால் பூச்சி செய்யும் கெடுதியைவிட மனிதர் செய்யும் கெடுதிதான் அந்தப் பெட்டிக்குள் அதிகம்.

ஓவர்லோடு ரிலே என்பது மோட்டாரின் காவல்காரன். எட்டரை ஆம்பியர் மோட்டாருக்கு அதை எட்டரையில் வைத்திருந்தால், பேஸ் போய் ஆம்பியர் பதினான்கைத் தொட்ட சில நிமிடங்களில் அது மோட்டாரை நிறுத்திவிடும். ஆனால் நடப்பது என்ன? கோடையில் வோல்டேஜ் குறைகிறது. ரிலே அடிக்கடி விழுகிறது. இரவில் எழுந்து போய் மறுபடி போட வேண்டியிருக்கிறது. அலுத்துப்போய் ரிலேயைத் திருகிப் பதினான்கில் வைத்துவிடுகிறார்கள். சிலர் அந்தக் கம்பியையே தாண்டி இணைத்துவிடுகிறார்கள். பொத்தானில் குச்சி சொருகி வைப்பவரும் உண்டு. பியூஸ் போனால் பியூஸ் கம்பிக்குப் பதில் கையில் அகப்பட்ட செம்புக் கம்பி. குரைக்கிறது என்று நாயை அடித்து விரட்டிவிட்டு, திருடன் வந்தபின் ஊரைக் குறை சொல்வது போன்ற காரியம் இது. ரிலே விழுகிறது என்றால் அது கெட்டுவிட்டது என்பதல்ல, ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது என்று அது சொல்கிறது. ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் மின் பணியாளரிடம் கேட்டறிய வேண்டும்: அவ்வகையில் பலவற்றில் ரிலே மோட்டாருக்குப் போகும் கிளைக் கம்பியில் இருக்கும். அங்கே தகட்டு ஆம்பியரில் 58 சதவீதமே வைக்க வேண்டும். தகட்டில் உள்ள எண்ணை அப்படியே வைத்தால், ரிலே இருந்தும் இல்லாதது போலத்தான்.

ஆட்டோ ஸ்டார்ட்டர் வந்ததில் உழவருக்கு வசதி கிடைத்தது உண்மை. மூன்று பேஸ் மின்சாரம் பகலில் ஆறு மணி, இரவில் மூன்று மணி என்று அளந்து வந்த காலத்தில், நடுநிசியில் டார்ச்சை எடுத்துக்கொண்டு பாம்பு நடமாடும் வரப்பில் போகாமல் தப்பித்ததே பெரிது. அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் மின்சாரம் வந்த அதே நொடியில் ஒரு மின்மாற்றியின் மோட்டார் அத்தனையும் கிளம்பினால் என்ன ஆகும் என்று கணக்குப் பார்க்க வேண்டும். கிளம்பும்போது மோட்டார் இழுப்பது ஓடும் ஆம்பியரைப் போல் ஆறு மடங்கு. 63 கே.வி.ஏ. மின்மாற்றி தன் முழுத்திறனில் பேஸுக்கு 88 ஆம்பியர்தான் தர முடியும். பன்னிரண்டு தோட்டங்களில் பன்னிரண்டு 5 குதிரைத்திறன் மோட்டார்கள் சீராக ஓடினாலே 90 ஆம்பியர். அவை ஒரே நொடியில் கிளம்பினால் 540. வோல்டேஜ் அதலபாதாளத்துக்கு இறங்கும். எந்த மோட்டாரும் வேகம் பிடிக்காமல் உறுமிக்கொண்டு நிற்கும். ரிலேயை அடக்கி வைத்தவரின் மோட்டார் முதலில் போகும். ஆட்டோ ஸ்டார்ட்டரில் நேரத்தைத் தள்ளி வைக்கும் வசதி இருக்கிறது. ஒருவர் ஒரு நிமிடம், அடுத்தவர் இரண்டு நிமிடம் என்று பன்னிரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டால் காசு செலவில்லை. கோயில் திருவிழாவுக்கு வரி பிரிக்கக் கூடுகிறவர்கள் இதற்கும் ஒருமுறை கூடலாம்.

அப்படிக் கூடும்போது பேச வேண்டிய, பேசச் சங்கடமான விஷயம் ஒன்று உண்டு. தகட்டில் 5 குதிரைத்திறன் என்றிருக்கும். உள்ளே இருப்பது ஏழரை. நீர்மட்டம் இறங்க இறங்க அனுமதி கேட்காமலே பெரிய மோட்டாராக மாற்றிக்கொள்வது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. அதற்கு உழவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஆழத்திலிருந்து தண்ணீர் வர வேண்டுமே. ஆனால் பன்னிரண்டில் ஆறு பேர் அப்படி மாற்றினால் அதே மின்மாற்றியின் மேல் ஏறும் சுமை 111 ஆம்பியர், தாங்கும் அளவைவிடக் கால் பங்கு கூடுதல். வோல்டேஜ் 415லிருந்து 350க்கு இறங்கினால், மாற்றாமல் இருந்த ஆறு பேரின் மோட்டாரும் அதே வேலைக்கு ஐந்தில் ஒரு பங்கு அதிக ஆம்பியர் இழுக்கும். வெப்பம் ஏறத்தாழ 40 சதவீதம் கூடும். நீர்மூழ்கி மோட்டாருக்கான இந்தியத் தர நிர்ணயம் 15 சதவீதக் குறைவுவரை தாங்க வேண்டும் என்கிறது. அதாவது 353 வோல்ட். அதற்குக் கீழே ஓட்டினால் எந்தக் கம்பெனி மோட்டாரும் பொறுப்பல்ல. கூடுதல் சுமையை மறைப்பதைவிட அதைக் காட்டி, பெரிய மின்மாற்றி கேட்டு எல்லோரும் சேர்ந்து கையெழுத்திட்டுக் கொடுப்பதே வழி. மறைத்த சுமைக்கு மின்மாற்றி கேட்க வாய் வராது.

வாரியத்தின் பங்கும் சிறிதல்ல. மின்னழுத்தம் 6 சதவீதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்பது 1956ஆம் ஆண்டு மின் விதிகளிலேயே இருந்த கட்டுப்பாடு. 390 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அது சலுகையில் வந்த குறையல்ல, சேவையில் வந்த குறை. "இலவசக் கரண்டுதானே" என்ற பேச்சு அலுவலகங்களில் மட்டுமல்ல, உழவர் மனத்திலும் ஊறிவிட்டது. அதனால் புகார் எழுதக் கூசுகிறார்கள். வரலாறு அப்படியல்ல. 1970ல் மின்கட்டணத்தை உயர்த்தியதை எதிர்த்துக் கொங்கு நாட்டு விவசாயிகள் கிளர்ந்தனர். பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. 1972ல் மாட்டு வண்டிகளைக் கோவை வீதிகளில் கொண்டுவந்து நிறுத்தினர். சிறு விவசாயிகளுக்கு 1984லும், எல்லா விவசாயிகளுக்கும் 1990லும் கட்டணம் நீங்கியது. மின்கட்டணத்துக்காக அப்படி நின்ற மண்ணில், ஆண்டுதோறும் பட்டறைக்கும் மோட்டார் தூக்கும் வண்டிக்கும் கொடுக்கும் தொகையை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. கெட்ட மின்சாரத்துக்குக் கொடுக்கும் கட்டணம் அது. ரசீதில் மட்டும் வேறு பெயர் இருக்கிறது.

இரண்டு பேஸ் வரும் நேரத்தில் கண்டென்சர் போட்டு மோட்டாரை ஓட்டும் வழக்கத்தைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும். அது வேண்டாம். மூன்று பேஸிலும் அளவாகப் போடும் கெப்பாசிட்டர் நல்லது. 5 குதிரைத்திறனுக்கு 2 கே.வி.ஏ.ஆர். போட்டால் கம்பியில் ஓடும் ஆம்பியர் குறையும், கடைக்கோடித் தோட்டத்துக்கும் வோல்டேஜ் சற்று ஏறும். இல்லாத மூன்றாவது பேஸைச் செய்துகொடுக்கும் கண்டென்சர் வேறு. ஏதோ ஒரு சுமைக்கு மட்டும் அது பொருந்தும். தண்ணீர் மட்டம் மாறினால் பொருத்தம் போய், ஒரு சுற்று மட்டும் காயும். அது மட்டுமல்ல. செத்துக் கிடப்பதாக நம்பி லைன்மேன் தொடும் மூன்றாவது கம்பியில் இந்த மோட்டார் வழியாக மின்சாரம் திரும்பிப் பாயக்கூடும். பயிரைக் காப்பாற்றப் போய் ஒரு குடும்பத்தின் விளக்கை அணைக்கும் அபாயம் அதில் இருக்கிறது.

உயிரைப் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்று. பியூஸ் போனால் வாரிய ஆள் வரத் தாமதமாகிறது என்று தாமே மின்மாற்றிக் கம்பத்தில் ஏறுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கீழே சுவிட்சை இறக்கிவிட்டோம் என்ற தைரியம். அந்தச் சுவிட்சின் மூன்று கத்திகளில் ஒன்று துருப்பிடித்து விலகாமல் நின்றிருந்தால் மேலே இருப்பது 11,000 வோல்ட். வாடும் பயிரைப் பார்த்துக்கொண்டு கைகட்டி நிற்பது எவ்வளவு கடினம் என்பது உழவருக்குத்தான் தெரியும். இருந்தாலும் ஏறக் கூடாது. அதுபோலவே, மோட்டார் அறையின் எர்த் கம்பியை நியூட்ரலில் முடிச்சுப் போடுவதும் கூடாது. எங்கேனும் நியூட்ரல் அறுந்தால் மோட்டாரின் உடம்பும் இரும்புக் குழாயும் மின்சாரம் ஏறி நிற்கும். ஈரக் காலோடு தொட்டவர் கதி என்ன? தனிக் குழி வெட்டி, கரியும் உப்பும் இட்டுப் பதித்த குழாயிலிருந்து எர்த் எடுத்து, கோடையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவர வேண்டும். எந்தப் பெட்டியைத் திறப்பதானாலும் முதலில் மெயின் சுவிட்ச். திறந்து பார்க்கும் வேலை தெரிந்தவருடையது.

மோட்டாரை மறுபடி இறக்குமுன் பட்டறையில் கேட்டு வாங்க வேண்டியவை மூன்று: மெக்கர் வைத்துப் பார்த்து, எர்த்துக்கும் சுற்றுக் கம்பிக்கும் நடுவே குறைந்தது ஒரு மெகா ஓம் காட்டுகிறதா, நீர் நிரப்பும் வகையானால் சுத்தமான தண்ணீர் நிரப்பிக் காற்று வெளியேற்றப்பட்டதா, கேபிள் இணைப்பு தண்ணீர் புகாமல் சுற்றப்பட்டதா. கேபிளில் மிச்சம் பிடிப்பது வீண். 650 அடியில் 9 ஆம்பியர் போகும்போது ஒன்றரை சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளில் ஏறத்தாழ 38 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும், இரண்டரையில் 23, நான்கில் 14. மேலே 390 இருந்தும் கீழே மோட்டாருக்கு 352 போனால், அந்தக் குறைக்கு வாரியத்தைக் கேட்க முடியாது.

இத்தனைக்கும் மோட்டார் அறையில் இருக்க வேண்டியவை ஒரு வோல்ட் மீட்டர், ஓர் ஆம்பியர் மீட்டர், பேஸ் போனால் நிறுத்தும் கருவி, தண்ணீர் இல்லாவிட்டால் நிறுத்தும் கருவி. பேஸ் கருவி வாங்கும்போது வோல்டேஜை மட்டும் பார்க்கும் வகையைவிட ஆம்பியரைப் பார்க்கும் வகையைக் கேட்க வேண்டும். சுற்றி வரும் பொய் மின்னழுத்தத்தில் டெஸ்டர் ஏமாறுவது போல முதல் வகையும் ஏமாறக்கூடும். ஒரு தடவை மோட்டாரை ஏற்றி, சுற்றி, இறக்கும் செலவோடு ஒப்பிட்டால் இவற்றின் விலை சிறியது. சொட்டு நீர்க் குழாய்களுக்கு மானியம் கொடுக்கும் அரசு, இந்தக் கருவிகளையும் சிறு விவசாயிகளுக்கு மானியத்தில் சேர்ப்பது நியாயமான கோரிக்கை. மோட்டார் எரிந்து கிடந்தால் சொட்டு நீர்க் குழாயில் சொட்டுவதற்கு என்ன இருக்கிறது?

வெங்காயம் நட்ட அந்த விவசாயி அந்த வருடம் எடுத்தது பாதி விளைச்சல். காய் கோலிக்குண்டு அளவில் நின்றுவிட்டது. இப்போது அவருடைய மோட்டார் அறைச் சுவரில் கரித்துண்டால் எழுதிய எண்கள் இருக்கின்றன. வாரம் ஒருமுறை, தேதி போட்டு, மூன்று வோல்டேஜ், மூன்று ஆம்பியர். 8.4, 8.6, 8.3 என்று வந்துகொண்டிருந்த வரிசையில் ஒரு மாலை 10.1, 9.7, 6.2 என்று இருந்தது. அவர் மோட்டாரை நிறுத்திவிட்டு, மறுநாள் காலை அந்த எண்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்குப் போனார். அன்று பிற்பகலே ஆள் வந்து பார்த்ததில், கம்பத்து இணைப்பு ஒன்று தளர்ந்திருந்தது.